புதிய ரயிலும் நம் குடும்பங்களும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியம் பேசப் புலவர்கள் வந்திருக்கும் இம்மேடையில், ரயில்வே குமாஸ்தாக்களாகிய எங்களுக்கும் சில நிமிஷங்கள் அளித்த சங்கத்தாருக்கு எங்கள் நன்றி. நாங்கள் நாள்தோறும் புரட்டும் நூல் கால அட்டவணை ஒன்றே. ஆதலால், தில்லியையும் மீரட்டையும் இணைக்க எழுந்த ‘நமோ பாரத்’ விரைவு ரயிலைப் பற்றியே பேசத் துணிந்தோம்.

இது நமக்கு எவ்விதத்தில் சம்பந்தப்பட்டது என்று கேட்கலாம். காலனியில் வாடகை ஆண்டுதோறும் ஏறுகிறது. மணமான நம் பிள்ளைகள் காஜியாபாத், மோடிநகர், மீரட் என்று தள்ளித் தள்ளிக் குடியேறுகிறார்கள். அவர்கள் காரியாலயத்திற்கு வந்து, இருட்டுமுன் வீடு திரும்பி, ஞாயிறன்று சங்கத்திற்கும் வர இயலுமா என்பதைத் தீர்மானிப்பது ரயிலேயாகும்.

சராய் காலே கானிலிருந்து மோடிபுரம் வரை 82 கிலோமீட்டர் நீளமாக வகுக்கப்பட்ட பாதை இது. தண்டவாள அகலம் 1,435 மில்லிமீட்டர். நமது அகலப் பாதையோ 1,676 மில்லிமீட்டர். ஆகவே இவ்வண்டி நம் பழைய பாதையில் ஏற முடியாது. பிரயாணிதான் இறங்கி மாற வேண்டும். ஆறு பெட்டிகள், அவற்றுள் ஒன்று பெண்களுக்கே உரியது. மணிக்கு 160 கிலோமீட்டர் வரை ஓடும்.

இதனை ஒரே நாளில் திறந்துவிடவில்லை. 2023 அக்டோபர் 20 அன்று சாஹிபாபாதிலிருந்து துஹாய் பணிமனை வரை 17 கிலோமீட்டர் மட்டும் திறந்தார்கள். நடுவழியில் தொடங்கிய ரயில் என்று சிலர் நகைத்தார்கள். ஆனால் வண்டிகள் இரவில் தங்கிப் பழுது பார்க்கப்படுவதற்குப் பணிமனை இன்றியமையாதது. அது துஹாயில் இருக்கிறது. 2024 மார்ச்சில் மோடிநகர் வடக்கு வரையும், ஆகஸ்டில் மீரட் தெற்கு வரையும் பாதை நீண்டது. 2025 ஜனவரி 5 அன்று தில்லிப் பக்கம் நியூ அசோக் நகரைத் தொட்டு 55 கிலோமீட்டர் ஆயிற்று.

அந்த 13 கிலோமீட்டரே இந்த ரயிலுக்கு உயிர் தந்தது என்போம். அதுவரை சாஹிபாபாதில் இறங்கியவர் தில்லிக்கு வேறு வாகனம் தேட வேண்டியிருந்தது. பிறகோ ஆனந்த் விஹாரில் மெட்ரோவும், நமது ரயில் முனையமும், பேருந்து நிலையமும் அருகருகே கிடைத்தன. இரும்பு இரும்போடு சேராத இடத்தில், நடைபாதைதான் இரண்டையும் சேர்க்கிறது.

திறப்பு விழா ஒரு நாள்; ஓட்டுவது ஒவ்வொரு நாளும். பம்பாயில் 2014 பிப்ரவரியில் வடாலா–செம்பூர் மோனோ ரயிலைக் கோலாகலமாகத் தொடங்கினார்கள். 2017 நவம்பரில் இரு பெட்டிகள் தீப்பற்றின. பல மாதங்கள் சேவை நின்றது. 2025 ஆகஸ்டு மழையில் வண்டி நடுவானில் நின்று, பிரயாணிகளைத் தீயணைப்புப் படையினர் இறக்க நேர்ந்தது. அடுத்த மாதமே சீரமைப்பிற்காகச் சேவையை நிறுத்தினார்கள். மாலையும் மேளமும் ஒரு ரயிலைக் காப்பாற்றமாட்டா. இரவில் விளக்கேந்திப் பாதையைச் சோதிப்பவரும், உதிரிப் பாகத்தை வேளையில் வரவழைப்பவருமே காப்பாற்றுகிறவர்கள்.

இனி, மனத்தை உறுத்தும் விஷயத்திற்கு வருவோம். நியூ அசோக் நகரிலிருந்து மீரட் தெற்கு வரை ஏறத்தாழ 40 நிமிஷப் பிரயாணம். 2025 ஜனவரியில் திறந்தபோது அதற்குச் சாதாரண வகுப்புக் கட்டணம் 150 ரூபாய். போக வர 300. மாதம் 25 நாள் உத்தியோகம் என்றால் 7,500 ரூபாய்! வேகத்திற்கு விலையுண்டு என்பதை நாங்கள் மறுக்கவில்லை. சாலை நெரிசலில் கழியும் பொழுது மிச்சமாவதும் மெய்யே. ஆனால் கடையில் கணக்கெழுதும் இளைஞனும், மருத்துவமனையில் பணிபுரியும் நம் பெண்ணும் அத்தொகைக்கு எங்கே போவார்கள்? வாடகைக்கு அஞ்சித் தொலைவில் குடியேறியவர், மிச்சம் பிடித்த வாடகையை ரயிலுக்குக் கட்டுவதானால் குடியேறியதன் பயன் என்ன?

புறநகர் ரயிலை ஏழைத் தொழிலாளியின் ரயிலாக ஆக்கியது சீசன் டிக்கெட். காலையில் கட்டணத்தை எண்ணிப் பார்க்காமல் வேலைக்குப் புறப்படும் துணிவை அது தந்தது. புதிய ரயிலிலும் குறைந்த ஊதியக்காரருக்கும் மாணவருக்கும் அதே துணிவு கிடைக்க வேண்டும். வண்டி நிறைந்து ஓடினாலன்றோ போட்ட முதலுக்கும் பயன்?

ஆதலால், நம் சங்கத்தின் பெயரால் ஒரு விண்ணப்பம் அனுப்பலாம் என்பது எங்கள் தாழ்மையான யோசனை. எத்தனை குடும்பங்கள் அவ்வழியில் வசிக்கின்றன, எத்தனை பேர் தினமும் பிரயாணம் செய்கின்றனர், மாதம் எவ்வளவு கொடுக்க இயலும் என்ற கணக்கை வீடு வீடாகச் சேகரிப்போம். வெறும் குறை கூறும் கடிதம் குப்பைக் கூடைக்குப் போகும். கணக்கோடு சென்ற கடிதம் கோப்பில் ஏறும். கோப்பில் ஏறியதன் வலிமையைக் குமாஸ்தாக்களைவிட நன்கு அறிந்தவர் யார்?

அக்கணக்கை எழுதும் வேலையை நாங்களே ஏற்கிறோம். தாய்மார்கள் விவரம் தந்தால் போதும்.