கவுன்சிலிங் ரூமில் சொன்னது கோர்ட்டுக்கு வருமா?

திண்டுக்கல் பக்கத்துல இருந்து ஒரு அக்கா வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. விவாகரத்து வழக்கு நடக்குது. ஒன்றரை வருஷமா ஒரு சைக்காலஜிஸ்ட்கிட்ட போயிட்டு இருக்காங்க. "எங்க வீட்டுக்காரருக்கு மனநிலை சரியில்லைன்னு ஒரு ரிப்போர்ட் கேட்டேன் தம்பி, மேடம் முடியாதுன்னுட்டாங்க. அவங்களே இப்படிச் சொன்னா நான் யார்கிட்ட போறது?"

அக்கா, கோபம் புரியுது. ஆனா மேடம் செஞ்சது சரி. அவங்க உங்க வீட்டுக்காரரைப் பார்த்ததே இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கிற முதல் கேள்வியே, "அவரை எப்போ பரிசோதிச்சீங்க?"ங்கிறதாத்தான் இருக்கும். அதோட அந்த ரிப்போர்ட் காலி.

இந்து திருமணச் சட்டம் 13-வது பிரிவில் மனநோய் ஒரு காரணம்தான். ஆனால் நோயின் பெயர் மட்டும் போதாது. சேர்ந்து வாழ முடியாத அளவுக்கு அது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என 1988-ல் ராம் நாராயண் குப்தா வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. தகுந்த முகாந்திரம் இருந்தால் கோர்ட்டே மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவிடலாம் என்பது 2003-ல் சாரதா எதிர் தரம்பால் வழக்கின் தீர்ப்பு. அதனால, வக்கீல் மூலமா மனு போடுறதுதான் வழி.

அப்போ மேடம் என்ன எழுதலாம்? நீங்க எப்போ வந்தீங்க, தூக்கம், பயம் எப்படி இருந்துச்சு, என்ன சிகிச்சை கொடுத்தாங்க. "அடிச்சதா இவங்க சொன்னாங்க"ன்னு எழுதலாம். "அவர் அடிச்சார்"னு எழுத முடியாது.

இன்னொரு விஷயம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு, சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. ஆனால் ஹைகோர்ட், சுப்ரீம் கோர்ட் உத்தரவு போன்ற விதிவிலக்குகளும் அதிலேயே இருக்கின்றன. வக்கீலிடம் பேசியதற்குச் சாட்சியச் சட்டம் தரும் தனிப் பாதுகாப்பு, சைக்காலஜிஸ்டிடம் பேசியதற்கு இல்லை. மேடத்தை நீங்களே கூண்டுல ஏத்தினா, குறுக்கு விசாரணை உங்களைப் பத்தியும் வரும். ஒரு ராத்திரி வாழவே பிடிக்கலைன்னு நீங்க அழுதது, பிள்ளை யார்கிட்ட இருக்கணும்ங்கிற வாதத்துல உங்களுக்கு எதிரா திரும்பலாம்.

அதனால ரிப்போர்ட் கேட்கிறதுக்கு முன்னாடி, மேடத்துகிட்ட ஒண்ணு கேளுங்க: "என் ஃபைல்ல என்ன இருக்கு?" அதைத் தெரிஞ்சுக்கிட்டு வக்கீலைப் பாருங்க. மேடத்தை சாட்சியாக்காம விட்டா, கேஸ் முடியற வரைக்கும் மனசு விட்டுப் பேச உங்களுக்கு ஒரு ஆள் இருப்பாங்க.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.