கணைக்கு முன்னே செல்லும் ஓசை

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் கவியரங்குகளில் அம்பு பட்ட மான் வந்து போகாத ஆண்டு இல்லை. பிரிவுற்ற தலைவியும் அம்பு பட்ட மான். நாட்டை இழந்த ஏதிலியும் அம்பு பட்ட மான். ஆனால் அம்பு மானை எவ்வாறு கொல்கிறது, எப்போது கொல்லத் தவறுகிறது என்று நாம் கேட்டதில்லை. இன்றும் வில்லால் மான் வேட்டையாடும் அமெரிக்க நாட்டில், வேட்டைக்குரிய குறுக்குவில்லை ஒருவர் எவ்வாறு தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதைக் கொண்டு அக்கேள்விக்கு விடை காண முயல்கிறேன். வேட்டைக்கு ஆள் சேர்ப்பது என் நோக்கமன்று. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மான் வேட்டை குற்றம் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

குறுக்குவில் என்பது கட்டையொன்றின் முனையில் வில்லைக் குறுக்காகப் பொருத்திய கருவி. நாணை இழுத்துக் கொக்கியில் மாட்டிவிட்டால் அது அப்படியே நிற்கும். விசையை அழுத்தினால் கணை பாயும். பண்டைச் சீனர் இதனை நன்கு அறிந்திருந்தனர். நமக்கும் இக்கருத்து முற்றிலும் புதிதன்று. சிலப்பதிகாரம் மதுரைக் கோட்டையின் காவற்பொறிகளுள் வளைவிற்பொறியைச் சொல்கிறது. தானே வளைந்து எய்யும் எந்திர வில் அது என்பர். ஆயினும் அது மதிற்பொறி, வேட்டுவன் கைக்கருவியன்று.

ஐரோப்பாவில் இவ்வில் பேரச்சத்தை விளைவித்தது. 1139இல் கூடிய இரண்டாம் லாத்தரன் பேரவை, கிறித்தவர்க்கு எதிராக இதனைப் பயன்படுத்துவதைத் தடைசெய்தது. 1199இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டு இதன் கணையால் உண்டான புண் புரையோடி மாண்டார். அச்சத்தின் காரணம் எளிது. நெடுவில்லை வளைக்க ஆண்டுக்கணக்கான பயிற்சி வேண்டும். குறுக்குவில்லுக்கு அத்தனை பயிற்சி வேண்டா. இழுத்த நாணைத் தோள் தாங்க வேண்டியதில்லை. தோள் இட்ட எல்லையைப் பொறி நீக்கிவிடுகிறது. ஆகவே, எல்லையை வில்லாளியே தன் உள்ளத்தில் இட்டுக்கொள்ள வேண்டியவனாகிறான். நான் சொல்ல வந்ததன் சாரம் இதுவே.

கடைக்குச் செல்பவர் கண்ணில் முதலில் படுவது வேகம். வினாடிக்கு 350 அடி, 400 அடி என்று பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். மானைப் பொறுத்தவரை இந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஓசை காற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 1,100 அடி செல்லும். கணையின் வேகம் அதில் மூன்றில் ஒரு பங்கே. ஆகவே நாண் விடுபடும் ஓசை, கணைக்கு முன்னரே மானின் செவியை அடைந்துவிடுகிறது. 30 கெஜம், அதாவது 90 அடி தொலைவில், 350 அடி வேகக் கணைக்குக் கால் வினாடிக்குச் சற்றுக் கூடுதலாகிறது. கேட்டபின் மானுக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு வினாடி. 50 கெஜத்தில் கிடைப்பதோ கால் வினாடிக்கும் மேல். அச்சமுற்ற மான் பாய்வதற்கு முன் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்தும். நெஞ்சுக்குக் குறிவைத்த கணை முதுகின் மேற்புறத்தைக் கிழித்துச் செல்லும். அந்த மான் ஓடிவிடும். ஆனால் பிழைக்கும் என்பதற்கு உறுதியில்லை.

இன்னும் ஒரு கணக்கு. 400 அடி வேக வில்லை வாங்கி 50 கெஜத்திலிருந்து எய்தால், மானுக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ கால் வினாடி. 350 அடி வேக வில்லைக்கொண்டு 30 கெஜம் வரை நெருங்கினால் அது ஆறில் ஒரு பங்காகக் குறைகிறது. விலை கொடுத்து வாங்கும் வேகத்தைவிடப் பொறுமையாய்க் காத்திருந்து பெறும் நெருக்கம் மேலானது. எனவே வில்லைத் தேர்பவர் முதலில் கேட்க வேண்டியது, "எத்தனை கெஜத்துக்குள் என்னால் தவறாது எய்ய முடியும்?" என்பதே.

அதன் பின்னரே மற்றவை. இழுவிசை போதுமானதாக இருக்க வேண்டும். பென்சில்வேனியா மாநிலச் சட்டம் 125 பவுண்டுக்குக் குறைந்ததை ஏற்பதில்லை. கப்பிகள் கொண்ட வில் ஒடுங்கியது. மரத்தின்மேல் கட்டிய பரணில் அமர்வோர்க்கு ஏற்றது. ஆனால் அதன் நாணை மாற்றப் பெரும்பாலும் தனிக் கருவி வேண்டும். கப்பியற்ற வளைவில் அகன்றது. நாண் அறுந்தால் காட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம். கயிற்றுப்பிடி கொண்டு நாணேற்றினால் உழைப்பு பாதியாகும். கட்டைவிரல் நாணின் பாதைக்குக் கீழே இருத்தல் வேண்டும். மறந்தால் விரல் போகும். கணையின்றி விசையை அழுத்தினால் வில்லே சிதறக்கூடும்.

துப்பாக்கிக் குண்டைப்போல் அதிர்ச்சியால் கொல்வதன்று கணை. கூரிய அலகால் குருதிக்குழாய்களை அறுத்தே கொல்கிறது. ஆகவே அலகு சவரக்கத்திபோல் கூர்மையாக இருக்க வேண்டும். மான் பக்கவாட்டில் நின்று, நெஞ்சாங்கூடு திறந்திருக்கும் வேளையில் மட்டுமே எய்ய வேண்டும். எய்தபின் உடனே துரத்தலாகாது. அரைமணி நேரமாவது அசையாமல் காத்திருந்து, பிறகு குருதித்தடம் பார்த்துச் செல்வது நல்வேட்டுவர் மரபு.

இவ்வில்லைப் பற்றி உலகம் ஒருமனப்படவில்லை. பிரிட்டனில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் காட்டு விலங்குகளை எந்த வில்லாலும் கொல்வதைத் தடுக்கிறது. அமெரிக்காவிலோ வில்லுக்கும் அம்புக்கும் விதிக்கப்படும் வரி 1972இல் இயற்றிய திருத்தத்தின் பயனாய் வனவுயிர்ப் பேணலுக்குச் செல்கிறது. அங்கேயும் போப் அண்டு யங் கழகம் குறுக்குவில்லால் வீழ்த்திய விலங்கைத் தன் பதிவேட்டில் ஏற்பதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில இலட்சமாய்ச் சுருங்கியிருந்த வெண்வால் மான்கள் இன்று கோடிக்கணக்கில் பெருகிப் பயிரையும் இளங்காட்டையும் மேய்கின்றன. ஓநாய்களோ பெரும்பகுதியில் இல்லை. வேட்டை வேண்டும் என்பார்க்கும் வேண்டா என்பார்க்கும் வாதங்கள் உள்ளன. எனினும் இருசாராரும் ஒப்புவது ஒன்று: எய்வதாயின், காயத்தோடு ஓடவிடலாகாது.

அன்பர்களே, மானுக்கு அந்த ஆறில் ஒரு பங்கு வினாடியில் நேர்வது என்ன என்பதை இனி நாம் அறிவோம். அது ஓசையைக் கேட்கிறது, உடலைத் தாழ்த்துகிறது, கணை இன்னும் வந்து சேரவில்லை. நம் உவமையில் இதுவரை இடம்பெறாத கணம் அது. அடுத்த கவியரங்கில் அம்பு பட்ட மானைப் பாடுவோர், அந்த ஓசையையும் கேட்டுப் பாட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.