சொல்லச் சொல்ல எழுதியவர்



'எழுத்தாளர் ஆவது எப்படி' என்று இந்த வாசகர் வட்டக் கூட்டத்தின் அழைப்பிதழில் போட்டுவிட்டார்கள். அந்த வழி எனக்குத் தெரியும் என்று யார் சொன்னார்களோ! ஆகவே, ஆனவர் ஒருவரைப் பற்றிச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

வை.மு. கோதைநாயகி அம்மாள் 1901-ல் பிறந்தவர். ஐந்தரை வயதில் கல்யாணம். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. திருவல்லிக்கேணியில், புகுந்த வீட்டில், பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கதை சொல்வார். கணவர் பார்த்தசாரதி நாடகத்துக்கு அழைத்துப் போவார். அந்தக் காலத்தில் இதுவே பெரிய காரியம், ஐயா! பார்க்கப் பார்க்க, நாமும் ஒரு நாடகம் எழுதினால் என்ன என்று ஆசை வந்துவிட்டது. ஆசை வந்ததே தவிர, எழுதக் கை வரவில்லை. என்ன செய்தார்? இவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினார். 'இந்திர மோகனா' அப்படித்தான் அச்சேறியது.

பிறகு தாமே எழுதக் கற்றுக்கொண்டார். 1925-ல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை ஏற்று நடத்தத் தொடங்கினார். 1932-ல் விடுதலைப் போராட்டத்தில் மறியல் செய்து சிறைக்குப் போனார், அங்கேயும் எழுதினார். 1960-ல் கண்மூடியபோது கணக்கு 115 நாவல்கள். அத்தனையும் தேறுமா என்று கேட்டால், தேறாது. சரசரவென்று ஓடும் கதைகள், கண்ணீர் கொஞ்சம் தூக்கல். ஆனால் படிக்க ஆளில்லாமல் அத்தனை நாவல்கள் வந்துவிடுமா?

நான் யோசிப்பது பட்டம்மாளைப் பற்றி. எழுதத் தெரியாதவளுக்கு நாடகம் ஒரு கேடா என்று அவர் சிரித்திருக்கலாம். அடுப்படி வேலை கிடக்கிறது என்று எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. அவர் அன்று பேனா பிடித்திராவிட்டால், அந்தக் கதைகள் வீட்டுக்குள்ளேயே கரைந்து போயிருக்கும். நாம் எழுத்தாளருக்குச் சால்வை போர்த்துகிறோம். பட்டம்மாள்களை மேடைக்குக் கூப்பிடுவதே இல்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டி இருப்பார், ஒரு அத்தை இருப்பார். கதை சொல்லத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாது. எழுதச் சொன்னால் மட்டும், "எனக்கெதுக்குய்யா அதெல்லாம்" என்பார். தம்பி, தங்கைகளே, அவர் பேச்சை உங்கள் நடைக்கு மாற்றாமல், அவர் சொல்கிறபடியே எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டோடு வாருங்கள். பாட்டியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். முதல் வரிசை நாற்காலி அவருக்குத்தான்.