பழவேற்காட்டுக் கற்கள்

சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில், உப்பேரியும் கடலும் கூடுமிடத்தில் பழவேற்காடு என்னும் ஊர் இருக்கிறது. மீனவர் வலை உலர்த்தும் அம்மணலைக் காண்போர், சோழமண்டலக் கரையில் டச்சுக்காரருக்கு அதுவே ஒருகாலத்தில் தலைமையிடமாக இருந்தது என்றால் வியப்புறுவர்.

1613-இல் அவர்கள் எழுப்பிய கெல்டிரியாக் கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறிற்று. எஞ்சியிருப்பது கல்லறைத் தோட்டம். அதன் வாயிலில் கல்லிற் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. உள்ளே, பதினேழாம் நூற்றாண்டுக் கற்களில் பெயரும் நாளும் குலச் சின்னமும் அழகுறப் பொறித்திருக்கின்றனர்.

அவற்றைப் பார்த்து நின்றபோது ஒரு நினைவு என் நெஞ்சை உறுத்தியது. இத்துறையிலிருந்து துணிமூட்டைகள் மட்டுமா கப்பலேறின? பஞ்ச காலங்களில் விலைப்பட்ட நம் மக்களும் அடிமைகளாக, இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியாவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை.

கோட்டை அழிந்தது. ஆயினும் மீனவர் வகுத்துக்கொண்ட 'பாடு' என்னும் முறை அழியவில்லை. எந்த நாளில் எவர் எவ்விடத்தில் வலை விடுவது என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானிப்பர். பாட்டுரிமை உடையோருள் வலியவர்க்கும் எளியவர்க்கும் முறை ஒன்றே.

மாணவ நண்பர்களே, பழவேற்காட்டுக்குச் சென்றால் கல்லறையைப் பாருங்கள், அதனோடு திரும்பிவிடாதீர்கள். கரைக்குச் சென்று அம்மக்களோடும் பேசுங்கள். கல்லில் எழுதப்பெற்றது வரலாற்றில் ஒரு பாதியே.