தசையை வெட்டின பிறகு, 5 வருஷம் கழிச்சு என்ன ஆகும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இந்த வாரம் கொல்லிமலையில, சோளக்காடு பக்கத்துல இருந்து ரெக்கார்ட் பண்றேன். பின்னாடி சேவல் கூவினா எடிட் பண்ணாம விட்டுடறேன், மன்னிச்சுக்கோங்க.

போன மாசம் ஒரு நண்பர் கேட்டார்: "நெஞ்சுவலி, ஆனா ஹார்ட் நல்லா இருக்கு, கேஸும் இல்ல. அப்போ என்னதான் அது?" அதுக்கு இருக்கிற பல பதில்கள்ல ஒண்ணுதான் இன்னைக்கு டாபிக்: உணவுக்குழாய் ஸ்பாஸம். அதுக்கு எண்டோஸ்கோப் வழியா உள்ளே போய்த் தசையை வெட்டுற சிகிச்சை ஒண்ணு இருக்கு. 'போயம்'னு சொல்லுவாங்க. கவிதை இல்லீங்க, நீளமான ஒரு இங்கிலீஷ் பெயரோட முதலெழுத்துகள். வெட்டின மறுவாரம் நல்லா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. 3 வருஷம், 5 வருஷம் கழிச்சு எப்படி இருக்கும்ங்கிறதுதான் நம்ம கேள்வி.

முதல்ல, உள்ளே என்ன நடக்குதுன்னு பார்ப்போம். உணவுக்குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளம். நாம விழுங்கினதும் மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு அலை மாதிரி தசை சுருங்கிக்கிட்டே வந்து சாப்பாட்டைத் தள்ளும். இதுல சுவாரஸ்யமான விஷயம், கீழ்ப்பகுதி உடனே சுருங்கக் கூடாது. கொஞ்ச நேரம் காத்திருக்கணும். 'இப்போ வேண்டாம், பொறு'ன்னு சொல்றதுக்குன்னே தனியா நரம்புகள் இருக்கு. அந்த நரம்புகள் சரியா வேலை செய்யலேன்னா, கீழ்ப்பகுதி முந்திக்கிட்டுச் சுருங்கிடும். சாப்பாடு நடுவுல மாட்டும், நெஞ்சைப் பிடிச்சுக் கசக்கின மாதிரி வலிக்கும்.

இதை எண்டோஸ்கோப்ல பார்த்தாலே தெரியாது. 'ஹை ரெசல்யூஷன் மேனோமெட்ரி'ன்னு ஒரு டெஸ்ட் வேணும். வரிசையா சென்சார் வெச்ச மெல்லிய டியூபை மூக்கு வழியா இறக்கி, சின்னச் சின்ன மடக்கா தண்ணி விழுங்கச் சொல்லி, எந்த இடத்துல, எந்த நொடியில, எவ்வளவு அழுத்தம்னு அளப்பாங்க. விழுங்கினதுல இருந்து கீழ்ப்பகுதி சுருங்குற வரைக்கும் 4.5 நொடிக்குக் குறைவா இருந்தா அது முந்தின சுருக்கம். 100-க்கு 20 விழுங்கல்லயாவது இப்படி வந்து, வயிற்றுக்கு மேல இருக்கிற வால்வு மட்டும் ஒழுங்கா திறந்தா, அது ஸ்பாஸம். வால்வும் திறக்காம இப்படி வந்தா, அது மூணாவது வகை அகலேசியா. நேரம் சரியா இருந்து பலம் மட்டும் தாறுமாறா இருந்தா, அது ஜாக்ஹாமர். ரோடு உடைக்கிற மெஷின் பேருதான்.

இந்த மூணையும் ஞாபகம் வெச்சுக்கோங்க. பின்னாடி வர்ற நம்பர்கள் எல்லாமே இந்தப் பிரிவைப் பொறுத்துத்தான் மாறும்.

எங்க பெரிய மாமா இங்க மிளகும் காப்பியும் வெச்சிருக்கார். அவருக்கு ரெண்டு வருஷமா நெஞ்சுவலி. கீழ போய் ஈசிஜி எடுத்தாச்சு, ஆஞ்சியோகிராமும் பண்ணியாச்சு, ரெண்டும் நார்மல். அப்புறம் கேஸ்னு சொல்லி மாத்திரை. களி இறங்கிடும், ஜில்லுனு தண்ணி குடிச்சா மாட்டும். அத்தை சொன்னாங்க, "பந்தியில உட்கார்றதையே விட்டுட்டார்ப்பா." கடைசியில ஒரு பெரிய ஊர் ஆஸ்பத்திரியில மேனோமெட்ரி பண்ணினப்போதான் ஸ்பாஸம்னு தெரிஞ்சது. டாக்டர் ரெண்டு வழி சொன்னார்: மாத்திரையில கொஞ்ச நாள் பார்க்கலாம், இல்லேன்னா போயம். மாமா என்கிட்ட கேட்டது ஒரே கேள்வி: "மாப்ளே, வெட்டினா திரும்ப ஒட்ட வைக்க முடியுமா?"

முடியாது. அதனாலதான் நீண்ட கால ரிசல்ட் முக்கியம்.

கொஞ்சம் வரலாறு. தசையை வெட்டுற யோசனை புதுசு இல்ல. 1913-ல ஜெர்மனியில எர்ன்ஸ்ட் ஹெல்லர்ங்கிற சர்ஜன் அகலேசியாவுக்கு வெளிப்பக்கமா திறந்து வெட்டினார். 2007-ல பங்கஜ் பஸ்ரிச்சாவும் அவரோட குழுவும், உள்பக்கமா எண்டோஸ்கோப் வழியாவே வெட்ட முடியும்னு பன்றிகள்ல செஞ்சு காட்டினாங்க. 2008-ல ஜப்பான்ல ஹருஹிரோ இனோவே அதை மனுஷங்களுக்குச் செஞ்சார். 2010-ல முதல் ரிசல்ட் வெளியாச்சு.

எப்படிப் பண்றாங்க? மயக்க மருந்து குடுத்து, வாய் வழியா எண்டோஸ்கோப். உணவுக்குழாயோட உள்சுவர்ல நீலச் சாயம் கலந்த திரவத்தை ஊசியில ஏத்தி மேல்தோலைத் தூக்குவாங்க. அங்க ஒரு சின்ன வெட்டு. தோலுக்கும் தசைக்கும் நடுவுல சுரங்கம் மாதிரி குடைஞ்சுக்கிட்டே கீழ போய், உள்ளிருந்து வட்டத் தசையை வெட்டிட்டு, வெளிய வந்து வாசலை க்ளிப் போட்டு மூடிடுவாங்க. வெளிய ஒரு தழும்பும் இருக்காது.

ஸ்பாஸத்துக்கு இது ஏன் பொருத்தம்னா, நீளம். வயித்துப் பக்கமிருந்து போற சர்ஜரியில நெஞ்சுக்குள்ள ரொம்ப மேல எட்ட முடியாது. போயத்துல, மேனோமெட்ரி எங்கே சுருக்கம் ஆரம்பிக்குதுன்னு காட்டுதோ அங்கிருந்தே வெட்டிக்கிட்டு வரலாம்.

சரி, நம்பருக்கு வருவோம். 2017-ல ஒரு தொகுப்பாய்வு வந்தது. 8 ஆய்வுகள், மொத்தம் 179 நோயாளிகள். ஒட்டுமொத்தமா 87 சதவீதம் பேருக்கு வெற்றி. பிரிச்சுப் பார்த்தா மூணாவது வகை அகலேசியாவுக்கு 92, ஸ்பாஸத்துக்கு 88, ஜாக்ஹாமருக்கு 72. சிக்கல்கள் 14 சதவீதம்.

88-னா சூப்பர்னு தோணும். நானும் தினமும் டாஷ்போர்டு பார்க்கிற ஆளுதான், பச்சையா இருந்தா சந்தோஷம். ஆனா அந்தப் பச்சைக்குப் பின்னாடி மூணு விஷயம் பார்க்கணும்.

ஒண்ணு, 'வெற்றி'னா என்ன? எக்கார்ட் ஸ்கோர்னு ஒண்ணு இருக்கு. விழுங்கக் கஷ்டம், எதுக்களிப்பு, நெஞ்சுவலி, எடை குறையுறது. ஒவ்வொண்ணுக்கும் 0-வில இருந்து 3, மொத்தம் 12. சிகிச்சைக்கு அப்புறம் 3 அல்லது அதுக்குக் கீழ வந்தா வெற்றின்னு கணக்கு. இப்போ கவனிங்க. ஒருத்தருக்கு மத்த மூணும் பூஜ்யம், ஆனா ஒவ்வொரு வேளை சாப்பிடும்போதும் நெஞ்சுவலி. அவர் ஸ்கோர் 3. பேப்பர்ல அவர் வெற்றி, வீட்டுல அவர் இன்னும் பந்தியில உட்காரல. இந்த ஸ்கோர் அகலேசியாவுக்காக உருவானது. அங்க முக்கியப் பிரச்சினை சாப்பாடு இறங்காதது. ஸ்பாஸத்துல பல பேருக்கு முக்கியப் பிரச்சினையே வலிதான். அதனால டாக்டர்கிட்ட "சக்சஸ் ரேட் எவ்வளவு?"ன்னு கேட்கிறதோட நிறுத்தாதீங்க. "என்னை மாதிரி வலிதான் பிரதானம்னு வந்தவங்களுக்கு அந்த வலி எவ்வளவு குறைஞ்சது?"ன்னு கேளுங்க.

ரெண்டு, ஒப்பீடு இல்ல. அந்த 8 ஆய்வும் 'பண்ணினோம், பார்த்தோம்' வகை. ஸ்பாஸம் சிலருக்கு வருஷக்கணக்குல தானாவே தணியும். அப்போ குறைஞ்சது வெட்டினதாலயா, காலத்தாலயா? இதுமாதிரி ஆய்வை வெச்சுப் பிரிச்சுச் சொல்ல முடியாது.

மூணு, காலம். பலவருஷ டேட்டா நல்லா குவிஞ்சிருக்கிறது அகலேசியாவுல. ஹைதராபாத் ஏஐஜி ஆஸ்பத்திரி 2017-ல 400-க்கும் மேற்பட்ட அகலேசியா நோயாளிகளோட முடிவுகளை வெளியிட்டது: முதல் வருஷம் 94, ரெண்டாவது 91, மூணாவது 90 சதவீதம். ஐரோப்பாவுல 221 பேரை வெச்சு போயத்தையும் லேப்பராஸ்கோப் சர்ஜரியையும் நேருக்கு நேர் ஒப்பிட்டாங்க. 2 வருஷத்துல 83-ம் 82-ம், 5 வருஷத்துல 75-ம் 71-ம். ஆக, மெதுவா கீழ இறங்குது, ஆனா சர்ஜரியை விட மோசமா இல்ல. ஏஐஜி குழு ஸ்பாஸம் சார்ந்த நோய்களை மட்டும் தனியா எடுத்தும் நீண்ட கால முடிவுகளை வெளியிட்டிருக்காங்க. ஆனா அதுலயும் பெரும்பாலானவங்க மூணாவது வகை அகலேசியாதான். சுத்தமான ஸ்பாஸம் அவ்வளவு அபூர்வம். அதனால அகலேசியா நம்பரை அப்படியே தூக்கி மாமாவுக்குப் பொருத்த முடியாது.

அடுத்து, வெட்டினதுக்கு நாம குடுக்கிற விலை: ஆசிட். கீழ இருக்கிற வால்வையும் சேர்த்து வெட்டினா, வயித்து அமிலம் மேல வர்றதுக்குத் தடை போயிடும். அதே ஐரோப்பிய ஆய்வுல 5 வருஷத்துல உணவுக்குழாய்ல அமிலப் புண் போயம் பண்ணினவங்கள்ல 41 சதவீதம், சர்ஜரியில 31. சர்ஜரியில வயித்தோட ஒரு பகுதியை மடிச்சுத் தடுப்பும் கட்டுவாங்க, போயத்துல அது கிடையாது. பல பேருக்கு நெஞ்செரிச்சலே இல்லாம புண் இருக்கும். அதனால 'எரியல, அப்போ ஒண்ணுமில்ல'ன்னு விட முடியாது, எண்டோஸ்கோப் போட்டுத்தான் பார்க்கணும்.

ஸ்பாஸத்துல வால்வு ஒழுங்காத்தானே வேலை செய்யுது, அதை விட்டுட்டு வெட்டினா என்ன? நியாயமான கேள்வி, டாக்டர்களுக்குள்ளயே விவாதம் இருக்கு. மேல வெட்டினா தள்ளுற பலம் குறையும். கீழ வால்வு இறுக்கமா இருந்தா சாப்பாடு தேங்கலாம், அதனால வால்வையும் வெட்டணும்ங்கிறது ஒரு பக்கம். விட்டு வெச்சா ஆசிட் குறையும்ங்கிறது இன்னொரு பக்கம். உங்க டாக்டர் எந்தப் பக்கம், ஏன்னு முன்னாடியே கேட்டு வெச்சுக்கோங்க. இன்னொண்ணு: வெட்டின இடத்துல சுவர் பலம் இழந்து, வருஷங்கள் கழிச்சு பை மாதிரி புடைக்கிறதும் சிலருக்கு நடக்குது.

அப்போ வெட்டவே வேண்டாமா? அப்படிச் சொல்லல. வரிசை முக்கியம். முதல்ல என்ன மாத்திரை சாப்பிடுறோம்னு பார்க்கணும். ஓபியாய்ட் வகை வலி மருந்தைத் தொடர்ந்து எடுத்தா, மேனோமெட்ரியில ஸ்பாஸம் மாதிரியே தெரியலாம். டாக்டர் சொல்றபடி அதை நிறுத்தினாலே சிலருக்குச் சரியாகும். அப்புறம் ஆசிட் மாத்திரை, தசையைத் தளர்த்துற டில்டியாஸெம், நைட்ரேட் மாதிரி மருந்துகள். அடுத்து போடாக்ஸ் ஊசி. 22 பேர் மட்டுமே இருந்த ஒரு சின்ன ஆய்வுல போடாக்ஸுக்கு 50 சதவீதம், வெறும் உப்புத்தண்ணிக்கு 10 சதவீதம் பலன். அது சில மாசங்கள்ல தேய்ஞ்சுடும். ஆனா தேயுறதுதான் அதோட நல்ல குணமும், திரும்பி வர வழி இருக்கு. இதெல்லாம் பார்த்தும் சாப்பிட முடியல, எடை இறங்குது, வாழ்க்கையே சுருங்குதுன்னா, போயம் நல்ல கருவி. மேனோமெட்ரியில மூணாவது வகை அகலேசியான்னு வந்தா, தயக்கம் இன்னும் குறைவாவே இருக்கலாம்.

மாமா விஷயத்துல வீட்டுல உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டோம். 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி, அங்கிருந்து பஸ் மாறி, சிகிச்சைக்கு ஒரு தடவை போறது பெரிசில்ல. அதுக்கப்புறம் வருஷா வருஷம் செக்கப்புக்குப் போகணும், ஆசிட் மாத்திரை தீராம பார்த்துக்கணும். மிளகு பறிக்கிற சீசன்ல அவர் இறங்குவாரா? இந்தக் கேள்வியை எந்த ஆய்வுலயும் கேட்கல. நீண்ட கால ரிசல்ட்டுங்கிறது வெட்டினவர் கையில மட்டும் இல்ல, வெட்டின பிறகு யார் திரும்பி வர்றாங்கங்கிறதுலயும் இருக்கு. மாமா இப்போ மாத்திரையில இருக்கார், 6 மாசத்துல மறுபடியும் டாக்டரைப் பார்த்து முடிவு. இது அவரோட முடிவு. உங்களோடது வேறயா இருக்கலாம்.

ஃபோன் நோட்ஸ்ல எழுதி வெச்சுக்க நாலு கேள்வி. மேனோமெட்ரி பண்ணியாச்சா, மூணுல எந்த வகை? மாத்திரைகளை முழுசா முயற்சி பண்ணியாச்சா? வால்வை வெட்டுவீங்களா, எவ்வளவு நீளம்? அடுத்த 5 வருஷத்துக்கு செக்கப் அட்டவணை என்ன, மொத்தச் செலவு எவ்வளவு?

கடைசியா ஒண்ணு, இது ரொம்ப சீரியஸ். நெஞ்சுவலி வந்தா முதல்ல ஹார்ட்தான். இந்த எபிசோடைக் கேட்டுட்டு 'எனக்கு ஸ்பாஸம்தான்'னு வீட்டுல படுத்துடாதீங்க. ஈசிஜி எடுத்து, டாக்டர் ஹார்ட் இல்லைன்னு சொன்ன பிறகுதான் இந்தப் பேச்செல்லாம். நான் இன்ஜினியர், டாக்டர் இல்ல.

வீட்டுல யாராவது சாப்பிடும்போது நெஞ்சைத் தடவிக்கிட்டே தண்ணி குடிக்கிறாங்களா, கூட்டத்தோட சாப்பிடுறதைத் தவிர்க்கிறாங்களான்னு இந்த வாரம் கொஞ்சம் கவனிங்க. எத்தனை நாளா இருக்குன்னு கேளுங்க. அடுத்த வாரம் சந்திப்போம். வணக்கம்.