பெரும்படமும் சிறுபொறியும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



தாராவி மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கிற்று. ட்ரோனும் லேசர்க் கருவியும் கொண்டு குடியிருப்புகள் அளக்கப்பட்ட அந்நாட்களில், அன்பர் ஒருவர் கைப்பேசியுடன் நம் சங்கத்திற்கு வந்தார். அதில் தாராவியின் வான்படம் ஒன்று இருந்தது. “சந்து இருக்கிறது, எங்கள் வீட்டைக் காணோமே!” என்று கலங்கினார். அவர் அஞ்சியதில் வியப்பில்லை.

அப்படத்தின் மூலக் கோப்பை ஒரு மாணவரிடம் பெற்றுச் சங்கத்துக் கணிப்பொறியில் திறந்தோம். திரை உறைந்து நின்றது. பொறி பழுது என்றார் ஒருவர். கோப்பு பழுது என்றார் மற்றொருவர். இரண்டும் அன்று.

அழுத்திக் கட்டிய பஞ்சுப்பொதியைக் கண்டிருப்பீர்கள். சரக்கு வண்டியில் அடக்கமாக ஏறும். வீட்டறையில் அவிழ்த்தாலோ கூரைவரை நிரம்பும். படக்கோப்பும் அத்தகையதே. வட்டில் சுருங்கிக் கிடப்பது, திறக்குங்கால் நினைவகத்தில் முழுதும் விரிகிறது.

கணக்கிடுவது நம் தொழிலாதலால் கணக்கிட்டே பார்த்தோம். தாராவியின் பரப்பு ஏறத்தாழ 24 லட்சம் சதுர மீட்டர். புள்ளிக்கு 5 செ.மீ. வீதம் எடுத்த படத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 400 புள்ளிகள். ஆக 96 கோடி. புள்ளி ஒன்றுக்கு மூவண்ணத்திற்கு 3 பைட் வீதம் 2.88 ஜிகாபைட். நம் பொறியின் நினைவகமோ 4 ஜிகாபைட். அதிலும் ஒரு பகுதியைப் பொறி தன் சொந்த வேலைக்கே எடுத்துக்கொள்ளும். இடம் போதாதபோது அது வட்டை நாடுகிறது. வட்டு மிக மெதுவானது; அதனாலேயே திரை உறைந்தது.

நினைவகத்தைக் கூட்டினால் தீருமே என்பீர்கள். இப்படத்திற்குத் தீரும். புள்ளிக்கு 2 செ.மீ. ஆயினோ 18 ஜிகாபைட் வேண்டும்! அன்றியும், ஜேபெக் கோப்பு ஒரு பக்கத்திற்கு 65,535 புள்ளிகளுக்கு மேல் ஏற்காது. 2 செ.மீ. வீதம் அது 1,310 மீட்டர்தான். மாகிம் நிலையத்திற்கும் சயான் நிலையத்திற்கும் இடைத்தூரமே அதனினும் மிகுதி. பழைய முறை டிஃப் கோப்பின் எல்லை 4 ஜிகாபைட். பல வரைகலை அட்டைகளுக்கோ ஒரே துண்டில் பக்கத்திற்கு 16,384 புள்ளிகளே எல்லை.

படத்தைச் சுருக்குவது எளிது. ஆனால் அன்பரின் கலக்கத்திற்குக் காரணமே அதுதான். பத்தில் ஒன்றாய்ச் சுருங்கிய படத்தில் மூன்று மீட்டர் அகல வீடு ஆறே புள்ளி. சுவர் அடுத்த சுவரோடு கலந்துவிடும்.

நெதர்லாந்தின் ரைக்ஸ் அருங்காட்சியகம் 2022-இல் ரெம்பிராண்டின் ஓவியம் ஒன்றை 71,700 கோடிப் புள்ளிகளில் வெளியிட்டது. அதனை எளிய கைப்பேசியிலும் காணலாம். படம் சிறு சிறு ஓடுகளாக வெட்டப்பட்டுள்ளது. பார்க்கும் ஓடு மட்டுமே வந்து சேரும். பொதி முழுவதையும் அவிழ்க்காமல் வேண்டிய பஞ்சை மட்டும் உருவுவது போல.

க்யூஜிஐஎஸ் என்னும் இலவச மென்பொருளும் அவ்வாறே பகுதி பகுதியாகப் படிக்க வல்லது. மாணவர் அதனைக் கொண்டு அதே பழைய பொறியில் அச்சந்தைத் திறந்தார். ஒரே நீலத் தார்ப்பாய் எனக் கைப்பேசியில் தோன்றியது இரு கூரைகள். நடுவே ஒரு சாண் இடைவெளி. இரண்டாவது கூரையைத் தொட்டுக் காட்டிய அன்பர் சற்று நேரம் பேசவில்லை.

அப்பகுதியை மட்டும் சுருக்காமல் வெட்டியெடுத்து, தனிக் கோப்பாக அவரிடம் கொடுத்தனுப்பினோம்.