கடன்பட்டவனை மட்டும் கண்டித்தால் போதுமா?

(இளைஞர்கள், வணிகர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வட்டி ஹராம் என்பதை உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மக்தபில் ஓதும் பிள்ளையும் அதை அறியும். நான் பேச வந்தது வேறு. அந்த வட்டியைப் பளபளப்பான அட்டையில் ஒட்டி, பெருநாள் சலுகை என்று பெயர் சூட்டி, நம் பிள்ளைகளின் சட்டைப் பையில் திணித்துவிட்டுப் போகிறார்களே, அவர்களைப் பற்றி நாம் ஏன் வாய் திறப்பதில்லை?

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஜும்ஆவில் கிரெடிட் கார்டு பற்றி பயான் செய்தேன். கார்டு வைத்திருப்பவன் அல்லாஹ்வோடும் ரசூலோடும் போருக்கு நிற்கிறான் என்று அனல் பறக்கப் பேசினேன். தொழுகை முடிந்ததும் பலர் கை கொடுத்துப் பாராட்டினார்கள். எனக்கும் திருப்திதான். சில மாதங்கள் கழித்து நம் முஹல்லாவைச் சேர்ந்த ஒரு பெரியவர் என்னைத் தேடி வந்தார். "ஹஜ்ரத், தம்பி ரெண்டு நாளா வீட்டுக்கு வரல" என்றார். தேடிக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து உட்கார வைத்துக் கேட்டால், மூன்று கார்டு, ஒரு லட்சத்து அறுபதாயிரம் பாக்கி. "ஏம்பா, முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன். "நீங்க அன்னைக்குப் பேசுனதக் கேட்ட பிறகு எப்படி ஹஜ்ரத் உங்ககிட்ட வந்து சொல்றது?" என்றான்.

அவன் மறைத்து வைத்த அந்த மாதங்களில்தான் கடன் பெருத்தது. ஒரு கார்டின் பாக்கியை அடைக்க இன்னொரு கார்டில் ரொக்கம் எடுத்திருக்கிறான். ரொக்கம் எடுத்தால் தவணை நாள் என்பதே கிடையாது. எடுத்த அன்றே வட்டி ஓட ஆரம்பித்துவிடும், கட்டணமும் தனி. இது அவனுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

அவனுக்கு அந்த முதல் கார்டு எப்படி வந்தது? அவன் மொபைல் கடையில் 18 ஆயிரம் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவன். கடைவீதியில் மேசை போட்டு நின்றவர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள். "லைஃப் டைம் ஃப்ரீ பாய். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க, மத்தத நாங்க பாத்துக்கிறோம்." பார்த்துக்கொண்டார்கள்! கடையில் வேலை பார்ப்பவனைக் கடை முதலாளி என்று விண்ணப்பத்தில் எழுதிவிட்டார்கள். வரம்பு 75 ஆயிரம். நான்கு மாதச் சம்பளத்துக்கும் மேலே! அந்த வங்கியின் பெயர் இங்கே வேண்டாம். ஒரு வங்கியைச் சொன்னால் மற்றவை யோக்கியமானவை என்று ஆகிவிடும்.

இப்போது கணக்குக்கு வருவோம். வியாபாரிகள் இருக்கிறீர்கள், மனக்கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். 40,000 ரூபாய் பில் வருகிறது. அதன் கீழே, குறைந்தபட்சம் கட்ட வேண்டியது 2,000 என்று போட்டிருக்கிறது. பையன், "பரவாயில்லை, இரண்டாயிரம்தானே" என்று கட்டுகிறான். மாத வட்டி மூன்றரை சதவீதம் என்று வையுங்கள். வட்டி 1,400. வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 252. ஆக 1,652 போய்விட்டது. அசலில் கழிவது 348 ரூபாய்! புதிதாக ஒரு பைசாவுக்கும் பொருள் வாங்காமல், மாதாமாதம் பாக்கியில் இப்படி ஐந்து சதவீதம் மட்டும் கட்டி வந்தால், 40,000 என்பது 20,000 ஆவதற்கே ஆறரை ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் அவன் கட்டியிருக்கும் தொகை சுமார் ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம். பாதிக் கடன் இன்னும் பாக்கி நிற்கும்!

ஜாஹிலிய்யா காலத்தில் தவணை வந்ததும் கடன் கொடுத்தவன் வாசலில் வந்து நிற்பான். தருகிறாயா, கூட்டித் தருகிறாயா என்பான். அந்த வழக்கத்தைத்தான் குர்ஆன், இரட்டித்துப் பெருகும் வட்டி என்று தடுத்தது. இன்று அவன் வாசலுக்கு வருவதில்லை. "குறைந்தபட்சத் தொகை" என்று ஒரு கட்டத்தில் அச்சிட்டு அனுப்பிவிடுகிறான். வேறென்ன வித்தியாசம்?

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். முழுத் தொகையையும் தவணைக்குள் கட்டிவிட்டால் வட்டி இல்லையே, அப்படிப் பயன்படுத்தலாமா என்று பலர் கேட்கிறீர்கள். உலமாக்களிடையே இதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. வட்டி நிபந்தனை உள்ள ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதே கூடாது, தவணைக்குள் கட்டிவிடும் எண்ணம் இருந்தாலும் கூடாது என்று 2000ஆம் ஆண்டு ரியாதில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி முடிவு செய்தது. தேவையை முன்னிட்டு, ஒரு நாளும் தவறாமல் கட்டுவேன் என்ற உறுதியுடையவருக்கு இடம் கொடுக்கும் அறிஞர்களும் உண்டு. எனக்கு முதல் கருத்தே சரியாகப் படுகிறது. காரணம், விற்பவன் நம்பியிருப்பது தவணைக்குள் கட்டுபவனை அல்ல, தவறுகிறவனைத்தான். நான் தவற மாட்டேன் என்று சொல்லித்தான் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

சரி, அரசாங்கம் என்ன செய்கிறது? விதிகள் இல்லாமல் இல்லை. 2022 ஜூலை 1 முதல் ரிசர்வ் வங்கியின் கடுமையான விதிகள் நடைமுறைக்கு வந்தன. கேட்காதவருக்குக் கார்டு கொடுக்கக் கூடாது. அப்படிக் கொடுத்துப் பில்லும் அனுப்பினால் அந்தக் கட்டணத்தை ரத்து செய்வதோடு, அதைப்போல் இரு மடங்கை அபராதமாக வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். சம்மதமில்லாமல் வரம்பை உயர்த்தக் கூடாது. விற்பனைக்காக அழைப்பவர்கள் காலை 10 மணி முதல் இரவு 7 மணிக்குள்தான் அழைக்கலாம். பாக்கியைக் கட்டிவிட்டு, கார்டை மூடு என்று சொன்னால் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்கு அபராதம். வசூலிக்க வருபவர்களைப் பற்றியும் 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி கண்டிப்பாகச் சொன்னது: காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது, ஊரார் முன் அவமானப்படுத்தக் கூடாது, குடும்பத்தார் நண்பர்களின் அந்தரங்கத்தில் நுழையக் கூடாது. நம் பையனின் விஷயத்திலோ, அவனுடைய அக்காவின் மாமியார் வீட்டுக்கு போன் செய்திருக்கிறார்கள்!

ஆனால் வட்டிக்கு உச்சவரம்பு? 2008ல் தேசிய நுகர்வோர் ஆணையம், கார்டு பாக்கிக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தீர்ப்பளித்தது. வங்கிகள் மேல்முறையீடு செய்தன. பதினாறு ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ஆணையத்துக்கு இதில் அதிகாரமில்லை, இது ரிசர்வ் வங்கியின் துறை என்பது முடிவு. நாம் சொன்ன மூன்றரை சதவீதத்தை ஆண்டுக்குப் பெருக்கிப் பாருங்கள், 42. தெருவில் கந்துவட்டி வாங்குபவனைப் பிடிக்கத் தமிழ்நாட்டில் 2003லேயே சட்டம் வந்தது. குளிர்சாதன அறையில் உட்கார்ந்து வாங்குபவருக்கு அந்த அச்சம் இல்லை.

இனி நான் சொல்வது சிலருக்குக் கசக்கும்.

அந்த மேசைக்குப் பின்னால் டை கட்டி நின்றவன் யார் தெரியுமா? அவனும் நம் வீட்டுப் பிள்ளைதான். பட்டம் படித்துவிட்டு, வேலை கிடைக்காமல், இத்தனை கார்டு பிடித்தால் இவ்வளவு ஊக்கத்தொகை என்ற வேலையில் சேர்ந்தவன். முஸ்லிம் பகுதிக்கு முஸ்லிம் பையனை அனுப்பினால் "பாய்" என்று உரிமையோடு கூப்பிடுவான், நம்பிக் கையெழுத்துப் போடுவார்கள் என்பது மேலே இருப்பவனுக்குத் தெரியும். தம்பி! வட்டி வாங்குபவனையும் கொடுப்பவனையும் மட்டுமல்ல, அதை எழுதுபவனையும் சாட்சி நிற்பவனையும் சேர்த்து நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள் என்பது ஸஹீஹான ஹதீஸ். உன் ஏழ்மை எனக்குத் தெரியும். வேறு வேலை பார்க்கும் வரை இதில்தான் இருக்க வேண்டும் என்கிறாயா? குறைந்தபட்சம் பொய்யாவது எழுதாதே. திருப்பிக் கட்ட முடியாதவன் என்று தெரிந்தவனை விட்டுவிடு.

அடுத்து, கடைக்காரர்கள். கார்டைத் தேய்த்துக் காசு கொடுப்பது சில கடைகளில் பக்கத் தொழிலாகவே நடக்கிறது. 50,000க்கு சரக்கு விற்றதாகத் தேய்த்துவிட்டு, கமிஷன் கழித்து 48,500 கையில் கொடுப்பது. சரக்கே கை மாறவில்லை! "நான் வட்டி வாங்கலியே ஹஜ்ரத், உதவிதானே செய்யிறேன்" என்று ஒருவர் என்னிடமே சொன்னார். இல்லாத வியாபாரத்துக்கு ரசீது போடுகிறீர்கள். முங்கிப்போகிறவன் தலையில் இன்னும் 1,500 ரூபாய் பாரம் ஏற்றுகிறீர்கள். இதை உதவி என்று எந்த கிதாபில் ஓதினீர்கள்? தவணைத் திட்டத்தில் வட்டியே இல்லை என்று பலகை வைப்பவர்களும் யோசிக்க வேண்டும். கார்டு தவணையில் பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, அது வேறு பெயரில் மறைந்திருக்கிறது என்று 2013லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது.

கடன்பட்டவர் மய்யித்தாக வந்தபோது நபி (ஸல்) அவர்கள் தொழவைக்கத் தயங்கி நின்ற சம்பவத்தை நாம் அடிக்கடி சொல்கிறோம். அதன் மறுபாதியைச் சொல்ல மறந்துவிடுகிறோம். அபூகதாதா (ரலி) முன்வந்து, அந்தக் கடன் என் பொறுப்பு என்றார்கள். அதன் பிறகு தொழுகை நடந்தது. அந்த மய்யித்தின் கடன் சில தீனார்கள். அந்தச் சபையில் ஓர் அபூகதாதா இருந்தார். நம் ஜமாஅத்தில்?

வட்டியில்லா வங்கி முறை வேண்டும் என்று நம் சமுதாயம் நீண்ட காலமாகக் கேட்கிறது. 2008ல் ரகுராம் ராஜன் குழுவும் அதைப் பரிந்துரைத்தது. 2017ல் ரிசர்வ் வங்கி, தொடரப்போவதில்லை என்று கைவிட்டது. அந்தக் கோரிக்கையை நாம் விடப்போவதில்லை. ஆனால் டில்லி மனம் மாறும்வரை நம் பிள்ளைகள் தாங்க மாட்டார்கள். பைத்துல்மாலில் அவசரக் கடனுக்கென்று தனி நிதி ஒதுக்க வேண்டும். நகையோ ஜாமீனோ வைத்து, அசலை மட்டும் திருப்பி வாங்கும் நிதி.

அந்தப் பையனுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். அவனுடைய அத்தா கொஞ்சம், கடை முதலாளி முன்பணமாகக் கொஞ்சம், மீதியை நாலு பேர் கர்ளன் ஹஸனாவாகக் கொடுத்தோம். இரண்டு கார்டை அடைத்து, மூடச் சொல்லி எழுத்து மூலம் கொடுத்து, ஒப்புகை வாங்கினோம். மூன்றாவது கார்டில் வங்கி போட்ட கட்டணங்களை எதிர்த்துப் புகார் கொடுத்திருக்கிறோம். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. இந்த வழியெல்லாம் எனக்கே அவன் விஷயத்தில்தான் தெரிய வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளியின் மாடியில் நானும், கணக்குத் தெரிந்த இரண்டு சகோதரர்களும் உட்கார்ந்திருப்போம். கார்டு வைத்திருப்பவர்கள் கடைசி மூன்று மாத பில்லை எடுத்து வாருங்கள். வீட்டில் தெரியக் கூடாது என்றால் தெரியாது. யாரையும் நான் திட்ட மாட்டேன்.